மரத்துப்போகும் வரை பேசிக்கொண்டிருந்த காலம்

குடலிறக்கத்துக்கோ மூலத்துக்கோ ஓதத்துக்கோ முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர் யாராவது உங்கள் வீட்டிலும் இருப்பார், தாத்தாவோ பெரியப்பாவோ. அவரிடம் ஒருநாள் கேட்டுப் பாருங்கள். கத்தி வைத்ததைப் பற்றி அவர் அதிகம் சொல்லமாட்டார். ஊசி போட்டபின் கால் மெல்ல மெல்லத் தன்னைவிட்டுப் போனதையும், அதுவரை தலைமாட்டில் உட்கார்ந்து மழையையும் மாட்டையும் பற்றிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்த டாக்டரையும் பற்றித்தான் சொல்வார். அப்படித் தலைமாட்டில் உட்கார்ந்த டாக்டர்களில் நானும் ஒருவன். எண்பதுகளின் பிற்பகுதியில் மயக்கவியல் படித்து முடித்து, தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவன். மூக்கில் முகமூடி வைத்து ஆளை முழுக்கத் தூங்கவைப்பதைவிட, விழித்திருக்கும் மனிதரின் இடுப்புக்குக் கீழே மட்டும் வலியை நிறுத்துவதுதான் அந்த வயதில் எனக்குப் பெரிய வித்தையாகத் தெரிந்தது. இன்றைக்கும் அப்படித்தான் தெரிகிறது.

முதுகில் போடும் ஊசியில் இரண்டு வகை உண்டு என்பதைப் பலரும் கவனித்திருக்கமாட்டார்கள். ஸ்பைனல் என்பது தண்டுவடத்தைச் சூழ்ந்திருக்கும் நீருக்குள்ளேயே மருந்தைச் செலுத்துவது; மூன்று மில்லி போதும், ஐந்து நிமிடத்தில் கால் மரத்துவிடும். எபிடூரல் அந்த நீரைச் சுற்றியுள்ள உறைக்கு வெளியிலேயே நின்றுவிடுவது. மருந்து பதினைந்து, இருபது மில்லி வேண்டும். அது நரம்பு வேர்களைச் சுற்றிக் கசிந்து, ஊறி, உள்ளே இறங்கவேண்டும். அதற்குக் கால்மணி நேரமாவது ஆகும். அந்தக் கால்மணி நேரத்தை வேறு எதைக் கொண்டும் நிரப்ப முடியாததால் பேச்சைக் கொண்டு நிரப்பினோம்.

சின்ன ஆபரேஷன்களுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட்டோம் என்று இன்றைய மாணவர்கள் கேட்பார்கள். அன்றைய ஸ்பைனல் ஊசிகள் தடிமனானவை. உறையில் அவை போடும் துளை வழியே நீர் கசிந்து, இரண்டாம் நாள் எழுந்து உட்கார்ந்ததும் தலை பிளந்துவிடுவதுபோல் வலிக்கும், படுத்தால் விடும். இருபத்தைந்து வயது இளைஞனுக்கு அந்தத் தலைவலி வந்தால், ஹெர்னியாவோடேயே இருந்திருக்கலாமே என்று அவன் சொல்லுமளவுக்குப் படுத்தும். உறையைத் தொடாத எபிடூரலில் அந்தத் தொல்லை இல்லை. எங்கள் சீஃப் எபிடூரலின் பரம பக்தர். "தம்பி, ஸ்பைனல் போட ஊசி தெரிஞ்சா போதும், எபிடூரல் போட விரல் தெரியணும்" என்பார்.

விரல் தெரிவது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ச் சொல்கிறேன். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கச் சொல்வோம். இரண்டு பக்க இடுப்பெலும்பின் உச்சியையும் இணைத்து மனதுக்குள் ஒரு கோடு போட்டால் அது முதுகெலும்பை நான்காவது இடுப்பு முள்ளெலும்பின் அருகே வெட்டும். அதற்கு மேலோ கீழோ உள்ள இடைவெளியில் தோலை மரக்கவைத்து, டூஹி ஊசியை நுழைப்போம். முனை லேசாக வளைந்த, கனத்த எஃகு ஊசி அது. அதன் பின்புறத்தில் ஒரு கண்ணாடி சிரிஞ்சு, உள்ளே காற்று. ஊசி அரை மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டராக முன்னே போகும்போது வலது கைக் கட்டைவிரல் சிரிஞ்சின் தண்டைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். தசைநாருக்குள் இருக்கும்வரை தண்டு அழுந்தாமல் திருப்பித் தள்ளும். மஞ்சள் தசைநாரை அடைந்ததும் ஊசிமுனையில் ஒரு நறநறப்பு, மணல் கலந்த களிமண்ணில் குச்சியை இறக்குவதைப்போல. அடுத்த கணம் எதிர்ப்பு மொத்தமும் மறைந்து, தண்டு தானாக வழுக்கி உள்ளே போய்விடும். தோலிலிருந்து பெரும்பாலும் நாலைந்து சென்டிமீட்டர் ஆழம். அந்த இடத்தைத் தாண்டிச் சில மில்லிமீட்டர் போனால் உறை கிழிந்துவிடும். அந்த 'விட்டுப்போகும்' கணத்தில் எனக்குக் கிடைத்த நிறைவை வேறு எந்தக் கருவியும் பின்னால் எனக்குக் கொடுத்ததில்லை. கண்ணாடி சிரிஞ்சை ஆட்டோகிளேவ் டிரம்மிலிருந்து எடுத்து, தண்டும் குழலும் ஒரே நம்பர்தானா என்று பார்த்துச் சேர்த்து, ஒட்டாமல் ஓடுகிறதா என்று சாய்த்துப் பார்க்கும் மூத்த சிஸ்டருக்கு அந்த நிறைவில் பாதிப் பங்கு உண்டு. இன்று எல்லாம் ஒரே பொட்டலத்தில் பிளாஸ்டிக்காக வருகிறது, ஒருமுறை போட்டுத் தூக்கி எறிகிறோம், ஒருவர் கிருமி இன்னொருவருக்குப் போகும் பயம் அடியோடு இல்லை. அதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனாலும் கண்ணாடிமேல் கண்ணாடி வழுக்கும் அந்த ஓட்டத்தை என் கட்டைவிரல் இன்னும் மறக்கவில்லை.

மருந்தென்று எங்கள் அலமாரியில் இருந்தவை இரண்டே இரண்டு. ஒன்று சைலோகெயின் என்ற பெயரில் எல்லோரும் அறிந்த லிக்னோகெயின். இன்னொன்று நாங்கள் சென்சார்கெயின் என்று கூப்பிட்ட புபிவகெயின். சைலோகெயின் இரண்டு சதம் இருபது மில்லி எடுத்தால் அதில் 400 மில்லிகிராம் மருந்து. அட்ரினலின் சேர்த்துக் கொடுத்தால் கிலோவுக்கு 7 மில்லிகிராம்வரை போகலாம் என்பது கணக்கு, ஆகவே அறுபது கிலோ ஆளுக்குச் சரியாகப் பொருந்தும். அட்ரினலினை நாங்களே கலப்போம்: ஆயிரத்துக்கு ஒன்று ஆம்பூலில் 0.1 மில்லி, அதை இருபது மில்லியில் கலந்தால் இரண்டு லட்சத்துக்கு ஒன்று. அந்த ஒரு புள்ளியை உறிஞ்சி எடுக்கும்போது எங்கள் யாருக்கும் பேச்சு வராது. அட்ரினலின் ரத்தக்குழாயைச் சுருக்கி மருந்தை அங்கேயே பிடித்துவைக்கும். மரப்பு ஒன்றரை, இரண்டு மணி நேரம் நிற்கும். சென்சார்கெயினோ வருவதற்கு இன்னும் தாமதம், கால்மணி நேரம் இருபது நிமிடமாகும்; வந்துவிட்டால் மூன்று, நான்கு மணி நேரம் அசையாது.

எது நல்ல மருந்து? பாடப்புத்தகத்தில் இதற்கு அட்டவணை உண்டு. எங்களுக்கு விடை கிடைத்தது சாயங்கால வார்டில். அந்த நாளில் ஹெர்னியா செய்துகொண்டவர் தையல் பிரிக்கும்வரை ஒரு வாரம் மருத்துவமனையிலேயே இருப்பார். மனைவி அடுப்படியைத் தூக்கிக்கொண்டு வராத குறையாக வராந்தாவில் குடியிருப்பார். ஆகவே கால் எத்தனை மணிக்குத் திரும்புகிறது என்பதில் யாருக்கும் அவசரமில்லை. அவசரமெல்லாம் வலியைப் பற்றித்தான். இரவில் வலிக்குக் கொடுக்க எங்களிடம் இருந்தது குறைவு. ஒரு ஃபோர்ட்வின் ஊசி, அதுவும் ஸ்டாக் இருந்தால். பதினொரு மணிக்கு ஆபரேஷன் முடிந்தவர் சைலோகெயின் போட்டிருந்தால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு முனகத் தொடங்கிவிடுவார். சென்சார்கெயின் போட்டவர் நாலு மணிக்கும் வெற்றிலை இருக்கிறதா என்று கேட்டபடி படுத்திருப்பார். சிறுநீர் கழியாமல் வயிறு உப்பி, சிலசமயம் ட்யூப் போடவேண்டியிருக்கும், அது வேறு. அப்படியும் வார்டு சிஸ்டர்கள் காலையிலேயே தியேட்டருக்கு ஆள் விட்டு, இன்றைக்கு எந்த மருந்து என்று விசாரிப்பார்கள். அன்றிரவு அவர்கள் எவ்வளவு ஓடவேண்டும் என்பது அந்த பதிலில் இருந்தது.

அந்தக் கால்மணி நேரப் பேச்சுக்கு வருகிறேன். முதலில் மூன்று மில்லி மட்டும் போட்டுவிட்டு, "ஐயா, நெஞ்சு படபடங்குதா? காதுக்குள்ள இரையுதா? நாக்கு மரத்த மாதிரி இருக்கா?" என்று கேட்போம். ஊசி தவறி ரத்தக்குழாய்க்குள் போயிருந்தால் அட்ரினலின் நாடியைக் கூட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். மருந்து மூளைக்குப் போனால் வாயைச் சுற்றி மரப்பு, காதில் ரீங்காரம், பேச்சில் குழறல் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் வலிப்புக்குப் போகும். திரையில் கோடு ஓடும் கருவியெதுவும் எங்கள் தியேட்டரில் இல்லை. என் இடது கைவிரல் அவர் நாடியில், என் காது அவர் பேச்சில். பேசவைத்தது அன்பினால் மட்டுமில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அவர் பேச்சே எங்கள் மானிட்டர். ஆனால் மானிட்டராகக் கேட்கத் தொடங்கிய பேச்சு எப்படியோ மானிட்டரைத் தாண்டிப் போய்விடும். கரிசல்காட்டிலிருந்து வந்த ஒரு சம்சாரி, எழுபது வயதிருக்கும், மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது பருத்தி விலையில் ஆரம்பித்து, பெண்ணைக் கட்டிக்கொடுத்த ஊரில் தண்ணீர்க் கஷ்டம் என்று போய், ஸ்பிரிட் நனைத்த பஞ்சை நான் தொடையில் வைத்ததும் நிறுத்தினார்.

"சில்லுங்குதா ஐயா?"

"இல்லியே."

தொப்புளுக்குப் பக்கத்தில் வைத்தேன். "இங்க?"

"லேசா. ஏ தம்பி, காலு இருக்கான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுய்யா. எனக்குத் தெரியல."

இருக்கிறது என்று தூக்கிக் காட்டினேன். தன் காலைத் தானே வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, மீண்டும் பெண்ணைக் கட்டிக்கொடுத்த ஊருக்குப் போய்விட்டார். சர்ஜன் கத்தி வைத்ததை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. தொப்புள் மட்டம் பத்தாவது மார்பு நரம்பு. அதற்கு நாலைந்து விரற்கடை மேலேயும் சில்லிப்பு போனபிறகுதான் ஹெர்னியாவுக்குக் கத்தி எடுக்கலாம் என்ற விதியையெல்லாம் அவர் பஞ்சுக்குச் சொன்ன பதில்களிலிருந்துதான் என் கை கற்றது.

அந்த நாக்கு மரப்புக்கே ஒரு வரலாறு உண்டு. முப்பதுகளில் சுவீடனில், பார்லிச் செடியிலிருந்து கிடைத்த ஒரு பொருளை ஆராய்ந்துகொண்டிருந்த ஹோல்கர் எர்ட்மன் என்ற வேதியியலாளர், அதை ஒத்த கூட்டுப்பொருள் ஒன்றை நாக்கில் வைத்துப் பார்க்க, நாக்கு மரத்துப்போயிற்று. அந்த நுனியைப் பிடித்துக்கொண்டு போன நில்ஸ் லோஃப்கிரென் 1943இல் லிக்னோகெயினை உருவாக்கினார்; அவருடைய இளம் துணைவர் பெங்ட் லுண்ட்க்விஸ்ட் அதைத் தன் உடம்பிலேயே ஊசி போட்டுப் பார்த்தார். 1948இல் அது கடைக்கு வந்தது. எபிடூரலின் கதை அதற்கும் முந்தியது. ஸ்பெயின் நாட்டு ராணுவ சர்ஜன் ஃபிடெல் பாகெஸ் 1921இல், இடுப்பில் எபிடூரல் போட்டு 43 பேருக்கு ஆபரேஷன் செய்ததை எழுதினார். கையில் இருந்தது நோவகெயின் மட்டுமே. ஸ்பானிய மொழியில் எழுதியதாலோ என்னவோ வெளியில் யாரும் படிக்கவில்லை. 1923இல் கார் விபத்தில் இறந்துபோனார். பத்தாண்டு கழித்து இத்தாலியின் டோலியோட்டி அதே இடத்தை, தண்டு வழுக்கும் அந்த உணர்வை வைத்துக் கண்டுபிடித்து உலகுக்குச் சொன்னார். நாங்கள் படிக்கும்போது டோலியோட்டியின் பெயரைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பாகெஸைப் பற்றி நான் படித்தது வெகுகாலம் கழித்து. படித்த அன்று எனக்கு ஏதோ சொந்தத் தாத்தாவின் பெயரைத் தாமதமாகத் தெரிந்துகொண்டதுபோல் துக்கமாக இருந்தது.

சென்சார்கெயினுக்கு இன்னொரு முகம் உண்டு என்பது எங்களுக்கு வந்து சேர்ந்தது பத்திரிகைகள் வழியாக. 1979இல் அமெரிக்காவின் ஜார்ஜ் ஆல்பிரைட் எழுதிய தலையங்கம், புபிவகெயின் தவறி ரத்தத்தில் கலந்தால் வலிப்போடு சேர்ந்தே இதயம் நின்றுவிடுகிறது, நின்ற இதயத்தைத் திருப்புவது மிகக் கடினம் என்று எச்சரித்தது. எண்பதுகளில் பிரசவ எபிடூரலுக்கு முக்கால் சத புபிவகெயினை அங்கே நிறுத்திவிட்டார்கள். எங்கள் சீஃப் அந்தத் தலையங்கத்தின் நகலை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அன்றிலிருந்து இருபது மில்லியை ஒரே தள்ளாகத் தள்ளுவது எங்கள் தியேட்டரில் இல்லை. மூன்று, ஐந்து, ஐந்து என்று நிறுத்தி நிறுத்திப் போட்டோம், இடையிடையே பேசினோம். வேதியியலில் காரணம் பின்னால் தெளிவாயிற்று. புபிவகெயின் ஒரே மூலக்கூறின் இடது வடிவமும் வலது வடிவமும் சரிபாதியாகக் கலந்தது. வலது வடிவம் இதயத் தசையின் சோடிய வாசல்களில் ஒட்டிக்கொண்டு விடுபட மறுக்கிறது. இடதை மட்டும் பிரித்தெடுத்தது லீவோபுபிவகெயின். அதே குடும்பத்தில் நான்கு கார்பன் வாலுக்குப் பதில் மூன்று கார்பன் வாலோடு, இடது வடிவமாக மட்டுமே செய்யப்பட்டு 1996இல் வந்தது ரோபிவகெயின்.

ரோபிவகெயின் எங்கள் பக்கம் வந்தபோது நான் நரைக்கத் தொடங்கியிருந்தேன். முக்கால் சத மருந்தை முதன்முதலில் போட்டபோது ஓர் ஆச்சரியம்: வலி முழுதாகப் போயிருந்தது, நோயாளி கால்விரல்களை ஆட்டிக்காட்டினார். வலி உணர்வின் மெல்லிய நரம்புகளைப் பிடிக்கும் அளவுக்கு, தசையை ஆட்டும் தடித்த நரம்புகளை இது பிடிப்பதில்லை. செறிவைக் குறைத்தால் வேறுபாடு இன்னும் கூடும். காலு இருக்கான்னு பாத்துச் சொல்லு என்று கேட்ட அந்தச் சம்சாரிக்கு இதைப் போட்டிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. இதயத்துக்கும் இது சாதுவான மருந்து. அப்படியும் தப்பித்தவறி நஞ்சேறினால் இன்று கையில் மாற்று மருந்து இருக்கிறது: கை வைன்பெர்க் என்பவர் 1998இல் எலிகளிடம் கண்டு சொன்ன கொழுப்புக் கரைசல். பட்டினி நோயாளிக்கு ஊட்டமாக ஏற்றும் அதே வெள்ளைத் திரவம், கிலோவுக்கு ஒன்றரை மில்லி வேகமாகத் தள்ளினால், இதயத்தில் ஒட்டிய மருந்தை உருவி எடுக்கிறது. 2006இலிருந்து மனிதர்களை அப்படி மீட்டிருக்கிறார்கள். தியேட்டர் அலமாரியில் அந்தப் பாட்டில் இருக்கிறதா என்று பார்க்காமல் நான் எபிடூரல் டிரேயைத் திறப்பதில்லை. எங்கள் சீஃபின் சட்டைப்பையில் மடங்கியிருந்த பயத்துக்கு இருபது ஆண்டு கழித்து வந்த பதில் அது.

இவ்வளவு நல்ல மருந்துகள் வந்து சேர்ந்த நேரத்தில்தான் சின்ன ஆபரேஷன்களுக்கு எபிடூரல் போடுவதே அருகிப்போயிற்று. ஸ்பைனல் ஊசிகள் மயிரிழை போல மெலிந்து, பென்சில் முனையோடு வந்ததும் தலைவலி வெகுவாகக் குறைந்தது. மூச்சுக்குழலுக்குள் குழாய் இறக்காமலே மூச்சுப்பாதையைக் காக்கும் லாரிஞ்சியல் மாஸ்க் வந்தபின் முழு மயக்கமும் எளிதாயிற்று. ஸ்கேன் பார்த்து ஒரே ஒரு நரம்பைச் சுற்றி மருந்து போடும் காலம் இது. ஹெர்னியாக்காரர் காலையில் வந்து மாலையில் வீட்டுக்குப் போகிறார். ஆகவே எங்கள் அளவுகோலும் தலைகீழாகிவிட்டது. நான்கு மணி நேரம் அசையாமல் நின்ற மரப்பு அன்றைக்கு வார்டே கொண்டாடிய வரம். இன்றைக்கு அதுவே, ஆட்டோ வந்து வாசலில் நிற்கும்போது நோயாளியைக் கட்டிலில் பிடித்துவைக்கும் தொந்தரவு. சீக்கிரம் வந்து சீக்கிரம் போகும் மருந்துதான் இப்போது எல்லோருக்கும் வேண்டும். அதற்காகவே 1952இல் வந்து, எண்பதுகளில் கெட்ட பெயர் வாங்கி மூலையில் கிடந்த குளோரோபுரோகெயின் திரும்பி வந்திருக்கிறது. பழைய மருந்தில் கலந்திருந்த பதப்படுத்தும் பொருள்தான் பெரும்பாலும் வம்புக்குக் காரணம் என்று அதை நீக்கிவிட்டார்கள். எபிடூரலில் மூன்று சதக் கரைசல் பத்து நிமிடத்துக்குள் வேலை தொடங்கி, ஒரு மணி நேரத்துக்குள் விலகத் தொடங்குகிறது. மாநாட்டில் ஓர் இளம் மருத்துவர் அதைப் புத்தம் புதிய மருந்தாக மேடையில் அறிமுகப்படுத்தியபோது, என்னைவிட மூத்த அந்த மருந்துக்கு எழுந்து நின்று வணக்கம் வைக்கலாம்போல் மகிழ்ச்சியாக இருந்தது.

பத்து நிமிடத்தில் என்ன பேசமுடியும்? பேச ஆளும் விழித்திருப்பதில்லை. கொஞ்சம் மிடாசோலம் போட்டுவிடுகிறோம். நோயாளி கண்ணயர்கிறார், விழிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கிறது, எதுவும் நினைவில் இல்லை என்று சந்தோஷமாகச் சொல்கிறார். பயந்து நடுங்கும் ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை நான் அறிவேன், என் ஹெர்னியாவுக்கு நானும் அதையே கேட்பேனோ என்னவோ. நாடி, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் எல்லாம் திரையில் ஓடுகின்றன, என் விரல் சும்மா இருக்கிறது. ஆனால் எந்த ஊரில் எந்தக் கண்மாய் பெருகியது, எந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பதெல்லாம் தியேட்டருக்குள் வருவது நின்றுவிட்டது. வாடகை வீடுகளில் ஊர்விட்டு ஊர் மாறி வாழ்ந்த எனக்கு ஒரு மாவட்டத்தையே அறிமுகப்படுத்திய நேரம் அது. அதன் இழப்பைச் சொன்னால் இளையவர்கள் கனிவாகச் சிரிக்கிறார்கள்.

போன வாரம் என்னிடம் பயிலும் மாணவி ஒரு கேஸைக் கொண்டுவந்தாள். எழுபத்தெட்டு வயதுப் பெரியவர், இரண்டு பக்கமும் ஹெர்னியா, பீடியில் கெட்ட நுரையீரல், பலவீனமான இதயம். முழு மயக்கம் ஆகாது. ஸ்பைனலில் ரத்த அழுத்தம் ஒரேயடியாகச் சரிந்தால் அந்த இதயம் தாங்காது. எபிடூரல் டியூப் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம் என்று அவளே சொன்னாள். கேட்கவே நிறைவாக இருந்தது.

"எந்த மருந்து சார்? ரோபிவகெயினா?"

"வீட்ல யாரும்மா இருக்கா அவருக்கு?"

போய்க் கேட்டுவிட்டு வந்தாள். மனைவி இறந்து பல வருஷமாகிறது, மகன் திருப்பூரில், தனியாகத்தான் இருக்கிறார். அப்படியென்றால் அன்றைக்கே அனுப்ப முடியாது, இரண்டு நாளாவது வார்டில் வைத்துக்கொள்ளச் சர்ஜனிடம் சொல்லவேண்டும் என்றேன். ஆபரேஷனுக்கு அட்ரினலின் கலந்த சைலோகெயின், மும்மூன்று மில்லியாக, ஒவ்வொரு முறையும் பிரஷர் பார்த்து. மாலையில் வலி வரும்போது அதே டியூப் வழியே 0.2 சத ரோபிவகெயின், கால் ஓடும், வலி நிற்கும். மிடாசோலம் வேண்டாம், அந்த நுரையீரலுக்கு அது ஆகாது, ஆகவே ஆள் விழித்துத்தான் இருப்பார். எழுதிக்கொண்டே வந்தவள் நிமிர்ந்து, மருந்து ஏறுவதற்கே அரைமணி நேரம் ஆகிவிடுமே சார், அதுவரை என்ன செய்வது என்று கேட்டாள். திருப்பூரில் மகனுக்கு என்ன வேலை என்று கேளும்மா, அங்கிருந்து ஆரம்பி என்றேன். வியாழக்கிழமை லிஸ்டில் அவரை முதல் கேஸாகப் போட்டிருக்கிறோம்.